ஆபீஸ் மென்பொருளுக்கு அனுமதி கேட்டால் ஐடி பிரிவு ஏன் இத்தனை கேள்வி கேட்கிறது?

ஜோகூர் பாருவில் புது வேலை, மூன்றாவது நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளக் கணக்கு மென்பொருளைத் திறந்தால் 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்கிறது திரை. ஐடி பிரிவுக்கு எழுதினால் ஒரு பாரம் வருகிறது. எதற்கு வேண்டும்? எத்தனை நாளைக்கு? மேலாளர் ஒப்புக்கொண்டாரா? பக்கத்து மேசைக்காரர் சொல்கிறார்: "அதெல்லாம் லேட்டாகும் லா, என் பாஸ்வேர்டைப் போட்டுக்கோ."

வேண்டாம். மலேசியாவின் 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின் 6ஆவது பிரிவுப்படி, சொல்ல அதிகாரமில்லாத ஒருவருக்குக் கடவுச்சொல்லைச் சொல்வதே குற்றம். 25,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை, இல்லை இரண்டுமே. எல்லா ஆபீஸிலும் நடக்கிறதுதானே என்பீர்கள். நடக்கிறதுதான். ஆனால் நீங்கள் எதையாவது தவறாக அழித்துவிட்டால், பதிவில் நிற்பது அவர் பெயர்.

ஐடி பிரிவு பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த வேலைக்கு எவ்வளவு அனுமதி போதும்? சம்பளச் சீட்டை அச்சடிக்கப் பார்க்கும் அனுமதி போதும். ஊழியர்களின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றும் அனுமதி எதற்கு? பல நேரம் தாமதம் ஐடி பிரிவால் வருவதும் இல்லை. அந்தத் தகவலுக்குப் பொறுப்பானவர், இங்கே மனிதவளப் பிரிவுத் தலைவர், சரி என்று சொல்ல வேண்டும்.

சட்டமும் இறுகியிருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கொள்கைகளை மீறும் நிறுவனத்துக்கு அதிகபட்ச அபராதம் 300,000 ரிங்கிட்டாக இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் 1 மில்லியன். தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் வந்தது. யார் யாருக்கு அனுமதி இருந்தது என்ற பட்டியலே இல்லாத ஆபீஸ், அந்த 72 மணி நேரத்தில் என்ன செய்யும்?

கொடுத்த அனுமதியைத் திரும்ப எடுப்பதுதான் பலரும் மறக்கிற பாதி. கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், என்சிஎஸ் நிறுவனத்தில் 2022 நவம்பரில் வேலை போன ஒருவர், தன் பழைய நிர்வாகிக் கணக்கு விவரங்களை வைத்தே 2023 ஜனவரியிலிருந்து மார்ச் வரை உள்ளே போய்வந்தார். மார்ச்சில் 180 மெய்நிகர் சர்வர்களை அழித்தார். அவை சோதனைக்கான சர்வர்கள்தான். இருந்தும் நட்டம் சுமார் 918,000 சிங்கப்பூர் வெள்ளி. 2024 ஜூனில் அவருக்கு 2 ஆண்டு 8 மாதச் சிறை விதிக்கப்பட்டது.

ஆகவே முடிவுத் தேதியை நீங்களே எழுதிக் கொடுங்கள். 'அவசரமாக அக்சஸ் வேண்டும்' என்ற வரிக்குப் பதிலாக இப்படி: 'மார்ச் மாதச் சம்பளப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். பார்க்கும் அனுமதி மட்டும் போதும், 31ஆம் தேதி வரை. மேலாளரின் ஒப்புதல் மின்னஞ்சலை இணைத்துள்ளேன்.' திரும்பக் கேள்வி கேட்க அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது.