பல்லால் கடித்த தோட்டா

கல்கத்தாவில் வாழும் நம்மவர்க்கு டம்டம் என்றதும் விமான நிலையமே நினைவுக்கு வரும். 1857-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே சிப்பாய்களுக்கு என்ஃபீல்டு என்னும் புதிய துப்பாக்கியில் பயிற்சி அளிக்கப்பட்டது. அவ்வாண்டு வடநாட்டில் மூண்ட பெருங்கிளர்ச்சியின் வரலாற்றில், 'கொழுப்புத் தடவிய தோட்டா' தவறாமல் இடம்பெறும். தோட்டாவை வாயில் வைப்பானேன், கொழுப்பு எதற்கு என்பன, அத்துப்பாக்கியில் மருந்து கெட்டிக்கும் முறையை அறிந்தாலன்றி விளங்கா.

அத்துப்பாக்கிக்குக் குழலின் வாய் ஒன்றே வழி. தோட்டா என்பது காகிதச் சுருள். ஒரு முனையில் ஒரு முறைக்கு வேண்டிய வெடிமருந்து, மறுமுனையில் ஈயக் குண்டு. வீரன் துப்பாக்கியை நிமிர்த்தித் தரையில் ஊன்றி இடக்கையால் பிடித்துக்கொள்வான். வலக்கையில் தோட்டா. மூன்றாவது கை இல்லாமையால் பல் அவ்வேலையைச் செய்தது! மருந்து முனையைக் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டுவான். பின்னர்ச் சுருளைத் தலைகீழாகத் திருப்பி, குண்டைக் குழல்வாயில் செருகி, எஞ்சிய காகிதத்தைக் கிழித்தெறிந்து, நீண்ட இரும்புக் கோலால் அடிவரை தள்ளுவான். கோலை அதன் இடத்தில் வைத்தபின், சுத்தியலைப் பாதி இழுத்து, அதன்கீழ் உள்ள முனையில் சிறு செம்புக் கேப்பைப் பொருத்துவான். சுத்தியலை முழுதும் இழுத்துக் குறிபார்த்து விசையை அழுத்தினால் கேப்பு பொறி கக்கி மருந்தைப் பற்றவைக்கும். தேர்ந்த வீரன் நிமிடத்திற்கு மூன்று முறை சுடுவான்.

கடிப்பது புதிய வழக்கமன்று. பழைய துப்பாக்கிக்கும் சிப்பாய்கள் தோட்டாவைக் கடித்தவர்களே. அதன் குழல் வழவழப்பானது. குண்டு தளர்வாக இறங்கும். குறியும் நூறு கஜத்திற்கப்பால் நம்பத்தக்கதன்று. என்ஃபீல்டின் குழலுள் மூன்று புரிகள் வெட்டப்பட்டிருந்தன. மருந்து வெடித்ததும் குண்டின் குழிந்த அடிப்பகுதி விரிந்து புரிகளைக் கவ்வும்; குண்டு சுழன்றவாறே வெளிப்பட்டுப் பன்னூறு கஜம் நேரே செல்லும். கரி படிந்த குழலில் அக்குண்டு எளிதில் இறங்கும் பொருட்டே, அதைச் சுற்றிய காகிதத்தில் கொழுப்புத் தடவினர். கடிப்பது மருந்து முனையை, கொழுப்பு குண்டு முனையில் என்பது உண்மையே. ஆயினும் காகிதம் ஒன்றுதானே! எந்த விலங்கின் கொழுப்பு என்று வரையறுக்காமல் விட்டது பெரும்பிழை. பசுவினுடையதோ, பன்றியினுடையதோ என்ற ஐயம் இரு சமயத்தாரையும் புண்படுத்தியது. அயோத்தி அரசைக் கம்பெனி 1856-இல் பறித்துக்கொண்டது முதலான மனக்குறைகளும் முன்னரே இருந்தன.

சிப்பாய்கள் தாமே மெழுகும் எண்ணெயும் தடவிக்கொள்ள ஜனவரியிலேயே அரசாங்கம் இசைந்தது. பின்னர்க் கையால் கிழிக்கவும் இடம் தந்தது. ஐயம் தீரவில்லை. ஏப்ரல் 24-ஆம் நாள் மீரட்டில் 90 குதிரை வீரர்களிடம் நீட்டப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே. கையால் கிழித்தால் போதும். எனினும் 85 பேர் தொட மறுத்தனர். மே 9-ஆம் நாள் அணிவகுப்பின் முன் அவர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் மாலை தோழர்கள் சிறையிலிருந்து அவர்களை விடுவித்தனர். அன்றிரவே தில்லியை நோக்கிக் குதிரைகள் விரைந்தன.