வளைந்து கொடுக்கும் இரும்பு
பூமியும் கட்டடமும் – 9

சென்ற இதழில் விவரித்த முறைப்படி எழுப்பப்பெற்ற கட்டடம், பெரும் பூகம்பம் வந்து அதன் அஸ்திவாரத்தைப் பிடித்து உலுக்கும்போது, உத்தரங்கள் தூண்களோடு சேரும் இடங்களிலே வளைந்தும் விண்டும், அந்தச் சிதைவிலேயே பூமி தந்த சக்தியைச் செலவழித்து, உள்ளிருப்போர் உயிரைக் காத்துக் கொடுக்கிறது என்று பார்த்தோம். உயிர் தப்புவது பெரும் பாக்கியமே. ஆனால் பாரத்தைச் சுமக்க வேண்டிய அங்கங்களே அடியையும் வாங்கிக்கொண்டமையால், ஆட்டம் ஓய்ந்த பின் அந்தக் கட்டடம் நின்றுகொண்டிருந்தும் குடியிருக்கத் தகுதியற்றதாய், பல சமயங்களில் இடித்துத் தள்ள வேண்டியதாய் ஆகிவிடுகிறது. காயம்பட்டோர் ஆயிரக்கணக்கில் வந்து சேரும் அந்த நாளிலேயே ஓர் ஆஸ்பத்திரி பூட்டிக் கிடக்க நேருமாயின், அதைவிடக் கொடுமை வேறு உண்டா?

இந்தக் கேள்விக்கு ஒரு விடை நியூஸிலாந்திலிருந்து வந்தது. வெல்லிங்டன் நகருக்கு அருகே லோயர் ஹட் என்னும் ஊரிலிருந்த அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஸ்கின்னரும் ஹைனும், அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலைப் பேராசிரியர் ஜேம்ஸ் கெல்லியும் கூடி 1972-ல் வெளியிட்ட கட்டுரையில், பாரம் சுமக்கும் தொழிலையும் பூகம்ப சக்தியை உட்கொள்ளும் தொழிலையும் ஒரே அங்கத்தின் தலையில் சுமத்த வேண்டுவதில்லை என்றும், பின்னதற்கென்றே தனியாக எஃகுச் சாதனங்களை அமைத்துவிடலாம் என்றும் எடுத்துக் காட்டினார்கள். டாம்பர் என்று இன்று பொறியாளர்கள் வழங்கும் உலோகத் தணிப்பிகளின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியுமாகச் சிலமுறை மடக்கிவிட்டு மடங்கிய இடத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது சுடும் என்பது தெரியும். கையின் உழைப்பு உஷ்ணமாக மாறிவிட்டது, திரும்பி வருவதற்கில்லை. மீண்டும் பழைய உருவுக்குத் துள்ளி வரும் எல்லை வரையில் மட்டும் வளைந்த எஃகு, வாங்கிய சக்தியை அப்படியே திருப்பித் தந்துவிடும். அந்த எல்லையைத் தாண்டி நிரந்தரமாக வளைந்த எஃகோ அதை விழுங்கிவிடும். அதனால்தான் இந்தக் காரியத்துக்கு உயர்ந்த வலிமையுள்ள எஃகை நாடாமல், பட்டறைகளில் புழங்கும் சாதாரண எம்.எஸ். என்னும் மென்னெஃகுத் தகட்டையே நாடுகிறார்கள்; ஜப்பானியரோ அதனினும் எளிதில் வளையும்படி விசேஷ எஃகையே வார்த்தெடுத்தார்கள்.

எனினும் தகடு எதுவாயினும் போதும் என்பதல்ல. மேல் விளிம்பு உத்தரத்தோடும், கீழ் விளிம்பு சாய்வுச் சட்டங்களின் உச்சியோடும் இறுகப் பிணைக்கப்பட்ட செவ்வகத் தகடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். மாடி பக்கவாட்டில் அசையும்போது தகட்டை வளைக்கும் விசை இரு முனைகளிலும் மிகுந்தும், நடுவே அறவே இல்லாமலும் இருப்பதால், முனைகள் மட்டுமே நைந்து விரைவில் விரிசல் காண, நடுப்பகுதி வேலையின்றி வாளா இருக்கும். இதைக் கண்ட பொறியாளர்கள், விசை மிகுந்த இடத்தில் அகலத்தை மிகுத்தும், குறைந்த இடத்தில் குறைத்தும், இடை சிறுத்த உடுக்கையின் வடிவில் தகட்டை வெட்டினார்கள். அவ்வளவுதான், வளைவு தகடு முழுவதும் ஒரே சீராகப் பரவி, ஏறக்குறைய எல்லாப் பகுதியும் ஏககாலத்தில் உழைக்கலாயிற்று. புதிய பொருள் எதையும் சேர்க்காமல், இருந்ததை வெட்டிக் கழித்ததனாலேயே ஆயுளை நீட்டித்த இந்த யுக்தி, என் மனத்தை மிகவும் கவர்ந்த ஒன்று.

1985 செப்டம்பர் 19 அன்று மெக்ஸிகோ நகரம் பட்ட பாட்டுக்குப் பின் இந்தத் தகடுகளுக்குப் பெரும் பணி காத்திருந்தது. வறண்டுபோன ஏரியின் களிமண் படுகைமீது அமைந்த அந்நகரத்தின் நிலம், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கடலோரத்தில் பிறந்த அதிர்ச்சியை ஏற்று, சுமார் 2 விநாடிக்கு ஒருமுறையாக நெடுநேரம் ஊசலாடியது. பழுதுற்ற கட்டடங்கள் சிலவற்றையும், இருதய மருத்துவமனை ஒன்றையும் பின்னர் இவ்வகைச் சாதனங்களைக் கொண்டே வலுப்படுத்தினார்கள். 1989-ல் லோமா பிரியட்டா பூகம்பத்தில் சேதமடைந்த ஸான் பிரான்ஸிஸ்கோவின் வெல்ஸ் பார்கோ வங்கிக் கட்டடமும் இவ்வாறே புத்துயிர் பெற்றது.

ஈயத்தையும் இங்கே மறக்கலாகாது. ரப்பர் அடுக்குகளின் நடுவே ஈயத் தண்டைச் செருகிக் கட்டடத்தின் அடியில் வைக்கும் முறையை அதே ஆராய்ச்சிக்கூடத்தின் பில் ராபின்ஸன் கண்டார். ஈயம் சாதாரண வெப்பநிலையிலேயே தன் உள்ளமைப்பைப் புதுப்பித்துக்கொள்வதால் எத்தனை முறை நசுங்கினாலும் சளைப்பதில்லை. 2001-ஆம் ஆண்டுப் பூகம்பப் பேரழிவுக்குப்பின் புதிதாக எழுந்த பூஜ் நகர ஆஸ்பத்திரி இத்தகைய தாங்கிகளின் மீதே நிற்கிறது.

எஃகுக்கு அந்த வரம் இல்லை. ஒவ்வொரு வளைவும் அதன் ஆயுளில் ஒரு பங்கைக் கழிக்கிறது. ஆகையால் பெரும் ஆட்டத்துக்குப் பின் தகடுகளைச் சோதித்து, வேண்டுமாயின் போல்ட்டுகளைக் கழற்றிப் புதியன பூட்ட வேண்டும். அழகு கருதி அவற்றைச் சுவருக்குள் புதைத்து மறைப்பது, என் கருத்தில், செய்யத் தகாத காரியம். மற்றொரு சிக்கலும் உண்டு: தகட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டமே அழுத்தத்தில் நொடித்துவிட்டால் தகடு வளைவதற்கு வாய்ப்பே இராது. அந்தச் சட்டத்தையே சாந்து நிறைந்த குழாய்க்குள் அடக்கி, நொடியாதபடி செய்து, அதனையே தணிப்பியாக்கிய ஜப்பானியரின் முறையை அடுத்த இதழில் காண்போம்.