‘எவராயினும்’ என்னுஞ் சொல்லின் விலை

உயர்கல்வியின் பொருட்டு இலண்டன் செல்லும் நம் மாணவர் சிலர், நூல்நிலையத்தில் இடர்ப்படாது சிகையலங்கார நிலையத்தில் இடர்ப்படுவர். ஆங்குப் பல நிலையங்களில் முன்கூட்டியே நேரங் குறித்தல் வேண்டும். தொலைபேசியிற் பேசுவார்க்கு முகமும் சைகையும் உதவா, சொல்லொன்றே துணை. அவ்விடத்துத் தொல்லை தருவன சம்வண், எனிவண், நோவண் முதலிய வரையறையில்லாப் பிரதிப்பெயர்கள்.

தமிழில் வினாப்பெயரோடு இடைச்சொற் சேர்த்து யாரோ, யாராவது, யாரும் என்கின்றோம். எதிர்மறை வினையின்கண் நிற்கும்: ‘யாரும் ஓய்வாக இல்லை’. ஆங்கிலத்து நோவண் என்பதிலோ எதிர்மறை பெயருள்ளேயே அடங்கிவிடுகின்றது. அதன்பின் நொட் என்பதையுஞ் சேர்த்தால், எல்லாரும் ஓய்வாக உளர் என்று பொருள் புரண்டுவிடும்.

இவற்றுள் மிக நுண்ணியது எனிவண். வினாவில் அது ‘யாராவது’. எதிர்மறை வினையோடு வரின் ‘ஒருவரும்’. உடன்பாட்டில் ‘எவராயினும் சரி’. இவ்விறுதிப் பொருள் பணத்தைத் தொடுவது. பல நிலையங்களிற் கலைஞரின் அனுபவத்துக்கேற்பக் கட்டணம் வேறுபடும். ‘எனிவண் வில் டூ’ என்றுரைத்தவரை அங்குள்ள மூத்த கலைஞரிடம் அனுப்பினும் அவர் மறுத்தற்கிடமில்லை. ஆகவே கட்டணத்தைக் கேட்டறிந்த பின்னரே அதனைச் சொல்லுதல் நன்று.

தேர்ந்த ஒருவரே வேண்டுமென எண்ணி, ‘ஐ டோன்ற் வோண்ற் எனிவண்’ என்பாரும் உளர். அதற்கு ‘எனக்கு ஒருவரும் வேண்டாம்’ என்பதே நேர்ப்பொருள். பின் எதற்காக அழைத்தார் என்று கேட்போர் திகைப்பர்! எனிவண் என்பதற்கு முன் ஜஸ்ற் என்னுஞ் சிறுசொல்லை இட்டால், ‘எவரோ ஒருவர் போதாது’ என்னும் பொருள் தெளிவாகும்.

நிலையத்தாரே ‘எனிவண் இன் பற்றிக்கியுலர்?’ என்று வினவுவதும் உண்டு. குறிப்பிட்ட ஒருவர் வேண்டுமோ என்பது அதன் கருத்து. ‘யெஸ்’ என்று விடையிறுத்தால் அவர்கள் ஒரு பெயரை எதிர்பார்த்துக் காத்திருப்பர். விருப்பம் யாதுமில்லாதார் ‘நோ’ எனல் வேண்டும்.

எவ்ரிவண் என்பது பலரைக் குறிப்பினும் ஒருமை வினையே கொள்ளும். ஆயினும் அவரைப் பின்னர்ச் சுட்டுங்கால் தெயர் எனப் பன்மை வழங்கும். அது பிழையென இலக்கண ஆசிரியர் பலர் கடிந்தனர். 14ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிய வழக்கை நாம் பிழையென்னோம்.

அளவு கூறுமிடத்து, ‘சம்திங் ஷோட்’ எனிற் குறுக வெட்டுவர். ‘நதிங் ரூ ஷோட்’ எனில் மிகக் குறுகாது விடுவர்.