தச்சரின் கை தந்த பரிசு

பரிசு என்றதும் பொன்னும் வெள்ளியுமே நம் நினைவில் எழுகின்றன. வேல்ஸ் நாட்டு மக்களோ தங்கள் சிறந்த கவிஞருக்கு மரத்தால் செய்த நாற்காலியையே பரிசாக அளிக்கின்றனர். 1176-ஆம் ஆண்டில் ரீஸ் என்னும் சிற்றரசர் கார்டிகன் கோட்டையில் நடத்திய போட்டியிலேயே இவ்வழக்கம் காணப்படுகிறது. ‘ஐஸ்தெத்வோத்’ எனும் அவர்களது தேசியக் கலைவிழாவுக்கென இன்றும் விழாதோறும் புதிய நாற்காலி உருவாக்கப்படுகிறது.

1917-ஆம் ஆண்டு விழா இங்கிலாந்தின் பர்கன்ஹெட் நகரில் நிகழ்ந்தது. அவ்வாண்டின் நாற்காலியைச் செதுக்கியவர் யூஜீன் வான்பிளெட்டரன். முதல் உலகப் போரினால் பெல்ஜியத்தின் மெக்கலன் நகரைத் துறந்து அகதியாக வந்தவர் அவர். தமக்கு அடைக்கலம் தந்தோரின் கலைமரபைக் கற்றுணர்ந்து, கருவாலி மரத்தில் பின்னல் வேலைப்பாடுகளையும் டிராகன் உருவங்களையும் இழைத்தார்.

செப்டம்பர் 6 அன்று வெற்றிபெற்றவரின் புனைபெயர் அழைக்கப்பட்டது. எவரும் எழவில்லை. ஹெத் வின் எனும் அந்த ஆட்டிடையக் கவிஞர் ஜூலை 31 அன்றே போர்க்களத்தில் உயிர் நீத்திருந்தார். அவர் வீழ்ந்த மண், அச்சிற்பி பிரிந்து வந்த பெல்ஜியமே! ஆளில்லா நாற்காலியின்மீது கருந்துணி போர்த்தினர். பின்னர் அது அவருடைய பெற்றோரின் இல்லம் சென்றது. இன்றும் அவ்வில்லத்திலேயே காக்கப்படுகிறது.

அமர வேண்டியவர் வராததால் தச்சரின் உழைப்பு வீணாயிற்றோ? இல்லை. போரின் கொடுமையை அந்நாற்காலி நூறாண்டுகளுக்கு மேலாக எடுத்துரைத்து வருகிறது. நாசரேத்தில் நம் ஆண்டவரும் புனித சூசையப்பரும் செய்த தொழில் தச்சுத் தொழிலே அன்றோ! பயன்பெறுவோர் யாரென்று அறியாமலேயே மனச்சான்றுடன் செய்யப்படும் வேலை செபமாகிறது. நம் பங்கின் கலைவிழாப் பரிசுகளையும் இனி நம்மூர்த் தச்சரின் கையிலேயே ஒப்படைப்போமாக.