தாய்மடியும் மோட்டார் வண்டியும்

குழந்தைக்குத் தாய்மடியைக் காட்டிலும் பத்திரமான இடம் உண்டா? வீட்டில் இல்லை, ஓடும் மோட்டாரில் உண்டு.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதன்மீதேனும் மோதி நின்றால், அது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, விழுவதற்குச் சமானம். அவ்வேளையில் குழந்தையைப் பிடித்து நிறுத்த எந்தத் தாயின் கரத்துக்கும் வலிமை போதாது. முன் ஆசனத்தில் மடியில் வைத்திருந்தாலோ, பெரியவர்களைக் காக்கும் காற்றுப்பையே குழந்தைக்கு யமனாகலாம்.

ஆகவே, பின் ஆசனத்தில் குழந்தைக்கென அமைந்த தனி இருக்கையில் அமர்த்தி, பெல்ட் பூட்டுவதே உசிதம். 14 வயதுக்கு உட்பட்டோருக்கு இத்தகைய பாதுகாப்பு வேண்டுமென 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் விதித்தது. மீறினால் அபராதம் 1,000 ரூபாய்.

“குழந்தை அழுமே!” என்கிறோம். அழட்டும். வழியில் அழுத குழந்தை, ஊர் போய்ச் சேர்ந்ததும் சிரிக்கும். நமக்கு வேண்டியது அந்தச் சிரிப்புத்தானே?