காயம் காட்டும் சாயம்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை தாண்டித் திருவனந்தபுரம் போகும் வழியில் பாலராமபுரம் வரும். திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர்கள் வளர்த்த நெசவு அங்கே இருக்கிறது. குழித்தறியில் உட்கார்ந்து நூலையே பார்த்துக்கொண்டிருந்தால் இமை கொட்டுவது குறையும். இமைக்காத கண்ணில் கண்ணீர்ப் படலம் விரைவில் கிழியும். செல்போன் பார்ப்பவர்களுக்கும் இதே கதைதான்.

பாலராமபுரத்துத் துணிக்கு அழகு சாயம் ஏற்றாத நூல் நிறம். நல்ல கருவிழியும் சாயம் பிடிக்காது. அதன் மேல்தோல் செல்கள் நெருக்கமாக ஒட்டியிருப்பதால், கண் வறட்சியைச் சோதிக்க மருத்துவர் இடும் சாயம் கண்ணீரில் கரைந்தாலும் உள்ளே புக வழியில்லை. வறட்சியால் செல் உதிர்ந்தோ சிதைந்தோ போன இடத்தில் மட்டும் ஊறிவிடும்.

அந்தச் சாயம் ஃப்ளோரசீன். 1871-இல் அடால்ஃப் ஃபான் பேயர் உருவாக்கியது. 1877-இல் ஜெர்மனியில் டான்யூப் ஆறு மண்ணுக்குள் மறையும் இடத்தில் சுமார் 10 கிலோவைக் கொட்டினார்கள். இரண்டு நாளுக்கு மேல் கழித்து, 12 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆஹ் ஊற்று பச்சையாகப் பொங்கியது. கண்ணுக்கு ஒரு காகிதப் பட்டையின் நுனியில் ஒட்டியிருப்பதே போதும். அதை ஒரு துளி உப்புநீரில் நனைத்து, கீழிமையின் உட்புறத்தில் தொட்டெடுப்பார்கள். காண்டாக்ட் லென்ஸ் போட்டவர்கள் முதலில் கழற்றிவிட வேண்டும், சாயம் அதிலும் ஏறும்.

இனி நீல விளக்கு. நீல ஒளி பட்டதும் சாயம் பச்சையாக ஒளிரும். இமைக்காமல் இருக்கச் சொல்லி, பச்சைப் படலத்தில் முதல் கறுப்புத் திட்டு தோன்றும்வரை மருத்துவர் நொடி எண்ணுவார். 10-க்குக் குறைந்தால் படலம் நிலையாக இல்லை. பிறகு கருவிழியில் ஊறிய பச்சைப் புள்ளிகள். ஆக்ஸ்ஃபோர்டு அளவுகோலின் படங்களோடு ஒப்பிட்டு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். வெள்ளை விழியின் சேதத்துக்கு லிஸ்ஸமின் பச்சை என்ற வேறொரு சாயம் பொருத்தம்.

கண்ணின் முறையீட்டை மட்டும் நம்ப முடியாது என்பதால்தான் இத்தனை பாடு. "கண்ணில மணல் கெடக்குத மாதிரி இருக்கு டாக்டரே" என்று வருபவருக்கு ஒரு புள்ளியும் இல்லாமல் போகலாம். வாயே திறக்காத சர்க்கரை நோயாளியின் கருவிழியோ புள்ளிமயமாக இருக்கலாம். நரம்பு மரத்திருந்தால் வலி எட்டாது. நீர் வடிகிறதே, வறட்சி எப்படி என்று கேட்பவர்களும் உண்டு. உறுத்தல் தாங்காமல் சுரக்கும் அந்த நீர் பெரும்பாலும் நிற்காமல் வழிந்துவிடுகிறது.

வீடு திரும்பி மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் மஞ்சள் ஒட்டும். பயப்பட வேண்டாம், கண்ணிலிருந்து மூக்குக்கு இறங்கும் குழாய் திறந்திருக்கிறது.