குடியை நிறுத்த ஏஏ கூட்டம்: எங்கே தேடுவது, எதைக் கேட்பது?

இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொல்கிறார். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி, 2019-ல் வெளியான தேசிய ஆய்வின் கணக்கு இது. மது இல்லாமல் இருக்கவே முடியாது என்ற நிலைக்குப் போனவர்கள் சுமார் 2.9 கோடி பேர் என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. மீதி 37 பேர் எங்கே? சிலர் நம் பக்கத்து சீட்டில்தான் இருக்கிறார்கள். டெட்லைன் தவறுவதில்லை. திங்கட்கிழமை லீவு மட்டும் கொஞ்சம் அதிகம்.

அப்படி ஒருவர் ஒரு ராத்திரி மனசு வந்து போனில் தேடினால், பெரும்பாலும் முதலில் வருவது தனியார் மறுவாழ்வு மையங்களின் விளம்பரம். கட்டணத்தைப் பார்த்ததும் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று தோன்றிவிடும். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு மையம் இல்லை, ஒரு கூட்டமாக இருக்கலாம். இரண்டும் வேற வேற.

ஏஏ என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-ல் அமெரிக்காவில் தொடங்கியது. 1957-ல் இந்தியாவுக்கு வந்தது. குடியை நிறுத்தியவர்களும் நிறுத்த நினைப்பவர்களும் ஓர் அறையில் உட்கார்ந்து தங்கள் கதையைப் பேசுவார்கள், அவ்வளவுதான். அங்கே டாக்டர் கிடையாது, அட்மிஷன் கிடையாது, கட்டணம் கிடையாது. செலவுக்காக உண்டியல் சுற்றி வரும். போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. 'மீட்டிங்' என்று சொல்லி யாராவது அட்வான்ஸ் கேட்டால் அது ஏஏ இல்லை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏஏ-வின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் கூட்ட விவரங்களும் உதவி எண்களும் கிடைக்கும். பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். நேரம் மாறியிருக்கலாம், இடம் மாறியிருக்கலாம். ரொம்ப யோசித்துத் துணிந்து போகிற முதல் நாளில் பூட்டிய கதவைப் பார்த்தால் இரண்டாவது முறை போக மாட்டோம். அதனால் முதலில் போன் செய்யுங்கள். எடுப்பவரும் பெரும்பாலும் ஒரு காலத்தில் குடித்தவராகத்தான் இருப்பார். முழுப்பெயர் சொல்லத் தேவையில்லை.

சரியாக எந்த அறை என்று கேளுங்கள். பல கூட்டங்கள் சர்ச் வளாகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ நடக்கும்; ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. ஆனால் அதன் 12 படிகளில் கடவுள் பற்றிய பேச்சு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. நம்பிக்கை இல்லாதவர்களும் போகிறார்கள். ஒரு குழு நெருடினால் இன்னொன்றைப் பாருங்கள்.

திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்றும் கேளுங்கள். திறந்ததற்கு நண்பரைக் கூட்டிப் போகலாம். மூடியது குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். தெரிந்த முகம் இருந்துவிடுமோ என்று பயப்படுபவர்களுக்கு இரண்டாவதே நல்லது. அங்கே ஆபீஸ்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தால், அவரும் அதே காரணத்துக்குத்தான் வந்திருப்பார். ஒன்று, இந்த ரகசியம் குழுவின் மரபுதான், சட்டம் இல்லை. டாக்டரிடம் நீங்கள் சொல்வதற்குத்தான் மனநல பராமரிப்புச் சட்டம், 2017-ன் பாதுகாப்பு உண்டு.

எந்த மொழியில் நடக்கிறது என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். கிளையன்ட் காலில் பேசும் ஆங்கிலம் வேறு. காலையில் கை நடுங்குவதைப் பற்றிச் சொல்லும் மொழி வேறு. பெங்களூருவில் தமிழில் நடக்கும் குழுக்களும் உண்டு. உங்கள் ஊரில் இல்லையென்றால், கொரோனா காலத்துக்குப் பிறகு பரவலான ஆன்லைன் கூட்டங்களில் தமிழ்க் குழு இருக்கிறதா என்று விசாரியுங்கள். கேமராவை அணைத்துவிட்டுக் கேட்க முடியுமா என்பதையும் கேட்டுவிடலாம்.

இதெல்லாம் பலன் தருமா?

ஏஏ உறுப்பினர் பதிவேடு வைத்துக்கொள்வதில்லை. எண்களை வைத்துப் பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது தலைவலி, வருபவர்களுக்கோ நிம்மதி. வெளியிலிருந்து பார்த்த ஆய்வுகளில் முக்கியமானது 2020-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு. 27 ஆய்வுகள், 10,565 பேர். ஏஏ பக்கம் முறையாக வழிநடத்தப்பட்டவர்களில் 42% பேர் ஓராண்டு கழித்து முழுதாகக் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற சிகிச்சைகளில் 35%. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டிலுமே அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். தினமும் அதிகமாகக் குடிப்பவர் 'இன்னையிலேர்ந்து தொடமாட்டேன்' என்று திடீரென நிறுத்துவது ஆபத்து. முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். அதையடுத்து மனக்குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் முதலில் பார்க்க வேண்டியது டாக்டரை. போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநல உதவிக்கான டெலிமனஸ் 14416-ல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம்.

இதைப் படிப்பது குடிப்பவராக இல்லாமல் அவரோடு வாழ்பவராகவும் இருக்கலாம். உங்களுக்கென்று அல்-அனான் என்ற தனிக் குழு இருக்கிறது. அவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் போகலாம்.